நரம்பு வந்து சேராத தசை

மூன்று வயதுக் குழந்தை. அதன் மூக்குக்கு நேரே ஒரு பொம்மையைப் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் நகர்த்துகிறார் கண் மருத்துவர். வலக்கண் பொம்மையோடு கூடவே போகிறது. இடக்கண் நடுவிலேயே நின்றுகொள்கிறது. காதுப்பக்கம் இம்மியும் நகரவில்லை. பொம்மை இப்போது வலப்பக்கம் போகிறது. இடக்கண் மூக்கை நோக்கித் திரும்புகிறது, ஆனால் திரும்பும்போதே குழிக்குள் சற்று உள்வாங்கிக்கொள்கிறது. இமைகளுக்கு இடையிலான திறப்பும் சுருங்கிவிடுகிறது. வீட்டில் இத்தனை நாள் இதைக் 'கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம்' என்றுதான் நினைத்திருப்பார்கள். சில குழந்தைகள் நேராகப் பார்ப்பதற்காகவே தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். அதைக் கழுத்துச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இதற்குப் பெயர் டுவேன் சிண்ட்ரோம். நியூயார்க் கண் மருத்துவர் அலெக்சாண்டர் டுவேன் 1905-இல் 54 பேரை ஆராய்ந்து இதை விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே ஜெர்மன் மொழியில் ஷ்டில்லிங், டூர்க் என்ற இருவர் எழுதியிருந்தார்கள் என்பதால், ஐரோப்பாவில் மூவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். நோய் புதிதல்ல; அதன் காரணம் என்று நினைத்ததுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது கண்ணின் வெளிப்புறத் தசையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது நார்போல இறுகிக் கிடந்தது. ஆகவே கோளாறு தசையில்தான் என்று முடிவு கட்டினார்கள். கையில் தட்டுப்படுவதை நம்புவது அறுவை சிகிச்சை நிபுணரின் இயல்பு, அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவு தவறு. அதைத் திருத்த முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் மூன்று ஜோடிகள் இந்தத் தசைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆறாம் நரம்புக்கு ஒரே தசைதான்: கண்ணைக் காதுப்பக்கம் இழுக்கும் வெளிநேர்த்தசை. நான்காம் நரம்புக்கும் ஒரே தசை, மேற்சாய்தசை. மிச்சம் நான்கையும், மேலிமையைத் தூக்கும் தசையையும் மூன்றாம் நரம்பு பார்த்துக்கொள்கிறது. கண்ணை மூக்குப்பக்கம் இழுக்கும் உள்நேர்த்தசை இந்த மூன்றாம் நரம்பின் பொறுப்பு. ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்த்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். 1932-இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஷெரிங்டன், இந்த ஏற்பாட்டைக் கண் தசைகளிலேயே சோதித்துக் காட்டியவர்.

டுவேன் சிண்ட்ரோமில் குலைவது இந்த ஏற்பாடுதான். வண்டிக்காரர் ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் மாடு அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் தலையைப் பின்வாங்கிக்கொண்டு நிற்கும். குழந்தையின் கண் உள்வாங்கியதும் அப்படித்தான். 1957-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் குட்வின் பிரெய்னின், தசைக்குள் மெல்லிய மின்முனை ஊசியைச் செருகி அளந்து பார்த்தார். தளர்ந்திருக்க வேண்டிய வெளித்தசை, உள்தசை சுருங்கும் அதே நேரத்தில் தானும் சுருங்கிக்கொண்டிருந்தது. வெளியே போகச் சொன்னபோதோ அதில் அசைவே இல்லை. தசை செத்துப்போயிருந்தால் இப்படி நேரங்கெட்ட நேரத்தில் வேலை செய்யாது. அதற்குக் கட்டளை வந்துகொண்டிருக்கிறது, ஆனால் தவறான இடத்திலிருந்து.

1980-லும் 1982-லும் வெளியான இரண்டு பிணப்பரிசோதனை ஆய்வுகள் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன. டுவேன் சிண்ட்ரோம் இருந்தவர்களின் மூளைத்தண்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, ஆறாம் நரம்பு புறப்பட வேண்டிய இடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களே இல்லை. நரம்பும் இல்லை. அது போய்ச் சேர வேண்டிய வெளித்தசைக்குள் மூன்றாம் நரம்பின் கிளை ஒன்று நுழைந்திருந்தது. இன்னொரு சங்கதிதான் எனக்கு மிகவும் பிடித்தது: அந்தக் கிளை எட்டிய பகுதியில் தசை நன்றாகவே இருந்தது, எட்டாத பகுதி மட்டும் நார் பாய்ந்து கிடந்தது. அறுவை சிகிச்சை மேசையில் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுப் பார்த்த அந்த இறுக்கம் நோயின் காரணமல்ல, விளைவு.

ஆக, தசை காலியாக இருப்பதில்லை. உரிய நரம்பு வராவிட்டால் பக்கத்தில் போகிற நரம்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1883-இல் லண்டனில் ராபர்ட் மார்கஸ் கன் என்ற மருத்துவர் 15 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவளுடைய ஒரு பக்க மேலிமை தொங்கிக் கிடக்கும். வாயைத் திறந்து தாடையை அசைத்தால் விருட்டென்று மேலே ஏறும். தாடையை அசைக்கும் ஐந்தாம் நரம்பின் கிளை இமைத்தசைக்குள் புகுந்ததால் வருவது இது. இத்தகைய குழந்தைகளிடம் இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தாய்தான். பால் குடிக்கும்போது ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அந்த இமை ஏறி இறங்கும்.

அடுத்துத் திருத்தப்பட்டது இன்னும் கடுமையான ஒரு நோயின் கதை. பிறவிக் கண் தசை நார்மை என்று அதற்குப் பெயர். இரண்டு மேலிமைகளும் தொங்கி, இரண்டு கண்களும் கீழ்நோக்கியே நிலைத்துவிடும். எதிரே இருப்பவரைப் பார்க்க முகவாயை வானத்துக்குத் தூக்க வேண்டும். சில குடும்பங்களில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறைக் குழுப் படத்தில் எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்தபடியே நிற்பார்கள். பெயரிலேயே நார்மை இருப்பதால் யாரும் வேறெங்கும் தேடவில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த எலிசபெத் எங்கிள் குழுவினர் 1997-இல் இத்தகைய ஒருவரின் பிணப்பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் நரம்பின் மேற்கிளையும், அதற்குரிய நரம்பணுக்களும் இல்லை. இங்கும் தசை குற்றவாளியல்ல. 2002 அக்டோபரில் நெதர்லாந்தின் நார்டன் நகரில் கூடிய ஆய்வாளர்கள், டுவேன், நார்மை, பிறவி முகவாதம் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து 'பிறவி மூளைநரம்பு இணைப்புக் கோளாறுகள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

நரம்பு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு மரபணுக்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2003-இல் முதல் பெரிய பதில் கிடைத்தது. கீழ்நோக்கி நிலைத்த கண்கள் கொண்ட 45 குடும்பங்களைச் சோதித்ததில் 44-இல் ஒரே மரபணுவில் பிழை: 12-ஆம் குரோமோசோமில் உள்ள கிஃப்21ஏ. அதிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே எழுத்துப் பிழை. சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் புரதத்தின் 954-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினின் போய் டிரிப்டோஃபன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவருக்கொருவர் எந்த உறவுமில்லாத, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த குடும்பங்களில் அதே எழுத்து தனித்தனியாகப் பிசகியிருக்கிறது.

இந்தப் புரதத்தின் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நரம்பணுவிலிருந்து நீளும் இழையை ஆக்சான் என்கிறோம். அதன் உள்ளே நுண்குழல்கள் ஓடுகின்றன. இவை டியூபியூலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கிக் கட்டப்பட்டவை. ஒரு முனையில் வளர்ந்துகொண்டும் உதிர்ந்துகொண்டும் இருக்கும். கைனசின் வகைப் புரதங்கள் இந்தக் குழல்களின் மேல் நடந்து, வேண்டிய சரக்குகளை ஆக்சானின் நுனிக்குக் கொண்டுபோகின்றன. கிஃப்21ஏ அவற்றில் ஒன்று. நுனியை அடைந்ததும் குழல் கட்டுக்கடங்காமல் வளராதபடி அடக்கிவைப்பதும் இதன் வேலை. வேலையில்லாத நேரத்தில் தன்னையே மடித்துக்கொண்டு சும்மா இருக்கும். 954-இல் வரும் பிழை இந்த மடிப்பைத் தளர்த்திவிடுகிறது. ஓய்வெடுக்க வேண்டிய புரதம் ஓயாமல் வேலை செய்கிறது.

2014-இல் எங்கிள் குழுவினர் அதே பிழையை எலிகளில் புகுத்தினார்கள். எலிக்கருவில் மூன்றாம் நரம்பு சரியாகத்தான் புறப்படுகிறது. கண்குழியை நெருங்கும் வழியில் அதன் ஒரு பகுதி திகைத்து நின்று, முண்டு போல் தடித்துவிடுகிறது. மேற்கிளை மெலிந்துபோகிறது. இதே மரபணுவை அடியோடு நீக்கிய எலிகளுக்கு இந்தக் கண் கோளாறு வரவில்லை. புரதம் இல்லாததால் வந்த நோயல்ல, அது தேவைக்கு மேல் உழைப்பதால் வந்த நோய். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பிழைப் பிரதி வந்தாலும் நோய் தெரிவதற்குக் காரணமும் இதுதான்: இன்னொரு பிரதி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இதன் அத்துமீறலை அதனால் தடுக்க முடியாது.

2010-இல் இன்னொரு வகை நார்மைக்குக் காரணமாக அந்த நுண்குழலின் செங்கல்லே அகப்பட்டது: நரம்பணுக்களுக்கே உரிய ஒரு வகை டியூபியூலின். இங்கேதான் விசித்திரம் கூடுகிறது. இந்தப் புரதம் உடம்பிலுள்ள எல்லா நரம்பணுக்களிலும் இருக்கிறது. பிழை எந்த அமினோ அமிலத்தில் என்பதைப் பொறுத்துச் சிலருக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும், முகத்தசை பலவீனமும், பிற்பாடு கைகால் நரம்புத் தேய்வும் வருகின்றன. ஆனால் அதிகம் காணப்படும் பிழையில் பாதிப்பு பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடுகிறது. எல்லா நரம்புகளும் ஒரே சரக்கை வைத்துக் கட்டப்பட்டிருக்க, கண்ணுக்குப் போகிறவை மட்டும் ஏன் இடறி விழுகின்றன? கண் நரம்புகளின் பயணம் நீளமானது, சீக்கிரம் தொடங்குவது, இலக்கு சிறியது என்கிறார்கள் சிலர். இன்னொரு விளக்கமும் உண்டு: தொடைத்தசையில் ஒரு நரம்பணு நூற்றுக்கணக்கான தசையிழைகளை இயக்கும். கண் தசையில் பத்துப் பதினைந்துதான். அத்தனை நுணுக்கமான பங்கீட்டில் சிறு சறுக்கலும் வெளியே தெரிந்துவிடும். என் பார்வையில் இந்த இரண்டாவது விளக்கம்தான் வலுவானது. ஆனாலும் அது ஏன் தெரிகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, ஏன் நிகழ்கிறது என்பதைச் சொல்லவில்லை.

டுவேன் சிண்ட்ரோமுக்கான மரபணுவும் 2008-இல் கிடைத்தது. ஆல்ஃபா2-கைமேரின் என்ற புரதம், வழியில் எதிர்ப்படும் 'இங்கே வராதே' என்ற வேதிக் கட்டளைகளை ஆக்சானுக்குள் கடத்தும் இடைத்தரகு. ஏழு குடும்பங்களில் அது மிகையாக வேலை செய்வது தெரிந்தது. பின்னர் எலிகளில் சோதித்தபோது ஆறாம் நரம்பு பாதி வழியில் நின்றது, மூன்றாம் நரம்பின் கிளை காலித்தசைக்குள் புகுந்தது. பிணப்பரிசோதனையில் பார்த்த முடிவை, நடக்கும்போதே பார்த்தாயிற்று. ஆனால் டுவேன் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. அவர்களில் பெரும்பாலோரிடம் இந்த மரபணுவில் பிழையும் இல்லை.

நரம்பு வழியில் நிற்பது ஒரு வகை. நரம்பணுவே பிறக்காமல் போவது வேறொரு வகை. ஃபாக்ஸ்2ஏ என்ற மரபணு இரு பிரதியிலும் பழுதானால் மூன்றாம், நான்காம் நரம்பணுக் கூட்டங்கள் உருவாவதேயில்லை. ஹாக்ஸ்ஏ1 பழுதானால் மூளைத்தண்டின் ஒரு பகுதியே ஒழுங்காக அமையாது. கண் பக்கவாட்டில் அசையாததோடு காது கேளாமையும், மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில் குறையும் சேர்ந்துவரும். சவூதி அரேபியக் குடும்பங்களிலும், அமெரிக்காவின் நவஹோ, அப்பாச்சி பழங்குடியினரிடையிலும் தனித்தனி நோய்களாகக் கருதப்பட்டவை ஒரே மரபணுவின் வேலை என்று 2005-இல் தெரிந்தது.

மூன்றாவது வகை, நடுக்கோட்டைத் தாண்டாமை. 2004-இல் கண்டறியப்பட்ட ரோபோ3 மரபணுவின் கதை இது. பெயரைப் பார்த்து எந்திரன் என்று நினைக்க வேண்டாம். இதன் உறவினர் மரபணு பழுதான பழ ஈயில் ஆக்சான்கள் நடுக்கோட்டில் வட்டமடித்துக்கொண்டே இருந்ததால், போக்குவரத்து ரவுண்டானாவின் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள், அதன் சுருக்கம்தான் ரோபோ. இது பழுதானவர்களுக்குக் கண் மேலும் கீழும் அசையும். இடவலமாக அறவே அசையாது. ஆறாம் நரம்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. ஆனால் இரு கண்களையும் ஒரே பக்கம் சேர்த்துத் திருப்ப வேண்டுமானால், மூளைத்தண்டின் ஒரு பக்கச் செய்தி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்து மூன்றாம் நரம்பணுக்களுக்குப் போயாக வேண்டும். அந்தத் தாண்டல் நடக்கவில்லை.

கண்ணோடு நின்றால் பரவாயில்லை. நம் எல்லோருக்கும் வலக்கையை ஆட்டுவிப்பது இடப்பக்க மூளை. இவர்களுக்கு வலக்கையை வலப்பக்க மூளையே ஆட்டுவிக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளைத்தண்டின் நடுவே ஆழமான பிளவு தெரியும். இவ்வளவு பெரிய இணைப்பு மாற்றம் இருந்தும் இவர்கள் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள், அறிவில் குறைவில்லை. குழந்தைப் பருவத்திலேயே முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கி வளர வளரக் கூடுவதுதான் பெருந்துன்பம். பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ரோபோ3, ஃபாக்ஸ்2ஏ, ஹாக்ஸ்ஏ1 மூன்றும் ஒடுங்கிய மரபுப் பிழைகள்; தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் இவை அதிகம் தலைகாட்டுவது அதனால்தான். நமக்கும் இது அந்நியக் கணக்கல்ல. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. தாய்மாமனையே மணந்தால் எட்டில் ஒன்று.

மரபணுவின் புரதக் குறியீடு முழுக்கச் சரியாக இருந்தும் நோய் வரலாம். ஒரு டச்சுக் குடும்பத்தில் தலைமுறைகளாக வரும் பிறவி முகவாதம் 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996-இலேயே தெரியும். அங்குள்ள மரபணுக்களின் குறியீட்டை எவ்வளவு துருவியும் பிழை அகப்படவில்லை. 2023-இல் விடை வந்தது: காட்டா2 என்ற மரபணுவை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அண்டைப் பகுதியில்தான் கோளாறு.

நடைமுறைக்கு வருவோம். போகாத நரம்பை இன்று யாராலும் போகவைக்க முடியாது. டுவேன் உள்ள பலருக்கு எதுவும் செய்யவே வேண்டாம். பார்வை நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டால் போதும். தலை எப்போதும் கோணியிருந்தாலோ, நேராகப் பார்க்கும்போதே மாறுகண் தெரிந்தாலோ அறுவை சிகிச்சை உண்டு. சாதாரண மாறுகண்ணில் பலவீனமான தசையைச் சுருக்கி இழுத்துக் கட்டுவது வழக்கம். அதையே டுவேனில் வெளித்தசைக்குச் செய்தால் கண் இன்னும் உள்ளே போகும். ஆகவே பெரும்பாலும் உள்தசையைத் தளர்த்திப் பின்னால் வைத்துத் தைக்கிறார்கள். ஒரு கண்ணை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்வை மங்கும் 'சோம்பல் கண்' வருகிறதா என்று சிறு வயதிலேயே பார்த்துவிட வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி ஏழெட்டு வயது வரை விட்டுவைப்பது பார்வைக்குச் செய்யும் துரோகம். இன்னொன்று: நன்றாக அசைந்துகொண்டிருந்த கண் திடீரென வெளிப்பக்கம் நகர மறுத்தால் அது டுவேன் அல்ல. மூளைக்குள் அழுத்தம் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, இந்த நோய்க்குடும்பத்தின் ஆகச் சிக்கலான வழக்கு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் கிரூனென்தால் நிறுவனம் தாலிடோமைடு மாத்திரையை விற்பனைக்கு விட்டது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அது கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள், கைகால் குறைந்து பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை உலகெங்கும் பத்தாயிரத்தைத் தொட்டிருந்தது. அவர்களில் பலருக்குக் கண் அசைவுக் கோளாறும் உண்டு என்பதும், அது டுவேன் சிண்ட்ரோம் போலவே இருக்கிறது என்பதும் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பின்னர் கவனித்தது.

இதற்கிடையில் கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ பிறந்து, கூடவே டுவேனும் உள்ள குடும்பங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகிக்கொண்டிருந்தன. 2002-இல் அதற்குக் காரணமான சால்4 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் யூர்கன் கோல்ஹாசே குழுவினர், தாலிடோமைடால் பாதிக்கப்பட்டவர்கள் என்று பதிவாகியிருந்த சிலரைச் சோதித்தார்கள். அவர்களிடம் சால்4 மரபணுவில் பிழை இருந்தது. மாத்திரையின் குறை என்று நம்பியவருக்கு, அது பிள்ளைக்குப் போகாது என்று தைரியம் சொல்லியிருப்பார்கள். உண்மையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாலிடோமைடு பாதிப்பு பரம்பரையாகத் தொடர்கிறது என்று 1990-களில் எழுந்த சர்ச்சையை இந்தக் கண்டுபிடிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு மாத்திரையும் ஒரு மரபணுவும் எப்படி ஒரே உருவத்தைக் கொண்டுவரும்? 2018-இல் இரண்டு ஆய்வுக்குழுவினர் தனித்தனியே விடை சொன்னார்கள். தாலிடோமைடு, செல்லில் உள்ள செரிப்ளான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, சால்4 புரதத்தைப் பிடித்துச் சிதைக்க வைக்கிறது. மரபணு பழுதானாலும் மாத்திரை உள்ளே போனாலும், கருவில் கையும் கண் நரம்பும் உருவாகும் அந்தச் சில நாட்களில் சால்4 போதாமல் போகிறது. எலிகளில் இந்தச் சிதைப்பு நடப்பதில்லை; எலிகளில் சோதித்துப் பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட மாத்திரை மனிதக் கருவை ஊனமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே விவரம் தெரிந்த மருத்துவர், குழந்தைக்கு டுவேன் என்று கண்டதும் கண்ணோடு நிறுத்துவதில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் கட்டைவிரலின் அடிச்சதையைத் தடவிப் பார்க்கிறார். பெற்றோரின் கைகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். அடிச்சதை ஒட்டிப்போயிருந்தால் காது கேட்கிறதா என்று சோதிக்கவும், சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஸ்கேன் எடுக்கவும், சால்4 மரபணுவைப் பரிசோதிக்கவும் எழுதிக்கொடுக்கிறார்.